சூரியப் பெட்டியும் பத்து லிட்டரும்

“உன் கார்டுக்குக் கிருஷ்ணாயில் இல்ல கன்னியப்பா. தள்ளு, அடுத்த ஆளு வரட்டும்.”

ரேஷன் கடை ரத்தினம் கார்டைத் திருப்பித் தள்ளினார். மாதா மாதம் கிடைக்கும் பத்து லிட்டர் மண்ணெண்ணெய்க்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற கன்னியப்பன், காலி டின்னோடு வாயைப் பிளந்தான்.

“இன்னாத்துக்கு இல்ல?”

“உன் வூட்லதான் சூரிய அடுப்புப் பொட்டி கீதே. பொட்டி வெச்சினு கீறவனுக்குக் கிருஷ்ணாயில் எதுக்கு? புது உத்தரவு.”

“யாரு போட்டது?”

“மேல கீறவங்க.”

கன்னியப்பனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஆனால் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், “இனிமே எங்க வூட்ல அடுப்பே எரியாது. சூரியனே சோறாக்கிப் போடுறாரு” என்று மார்தட்டியவன் அவனேதான்.

அது எண்பத்தாறாம் வருஷம் சர்க்கார் சலுகை விலையில் கொடுத்த பெட்டி. சலுகை போகவே பாதி மாசச் சம்பளம் விழுங்கியது. மேலே கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிட ஒரு நிலைக்கண்ணாடி, உள்ளே கறுப்புச் சாயம் பூசிய நாலு டப்பாக்கள். வந்த அன்றே அவன் மனைவி செங்கமலம், “புதுச் சாமானை எவனாச்சும் இம்மாங் கரியோட விப்பானா?” என்று செங்கல் பொடியும் புளியும் போட்டு, கை நோகத் தேய்த்து, நாலையும் பளபளவென்று ஆக்கிவிட்டாள். அன்றிலிருந்து உள்ளே வைத்த அரிசி ஊறியதே தவிர வேகவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று ஊரில் சொல்ல முடியுமா? அதனால் வெளியே பெருமை, வீட்டுக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ்.

“பீத்தினீங்க இல்ல, இப்ப அனுபவிங்க!” என்றாள் செங்கமலம். “ஸ்டவ்வுல ஒரு சொட்டு இல்ல. நாளைக்குக் கம்பெனி ஷிப்டுக்குச் சோத்து டப்பாவுல இன்னா கட்டித் தர்றது, வெயிலையா?”

“வுட மாட்டேன். பொட்டியில சோறு வேவலன்னு மனு எழுதிக் குடுக்கறேன்.”

ஒரு நாள் லீவு போட்டு, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தான். அந்த வார ஓ.டி.யும் போயிற்று. புதன்கிழமை ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செங்கமலத்துக்கு ஒரு கவலை வந்தது.

“டப்பாவெல்லாம் புதுசாட்டம் மின்னுது. இதுல இவங்க பொங்கியே பாக்கல, சும்மா பொய் மனு எழுதிட்டாங்கன்னு அவரு நெனச்சிக்கினா?”

கன்னியப்பன் அசந்துபோனான். இவ்வளவு மூளையுள்ள பெண்டாட்டி வாய்க்க எவ்வளவு புண்ணியம் செய்திருக்க வேண்டும்! மண்ணெண்ணெய் நின்றதிலிருந்து கொல்லையில் மூட்டிவந்த விறகடுப்பின் கரியை இருவரும் எண்ணெயில் குழைத்து, நாலு டப்பாவுக்கும் வெளிப்புறம் திட்டுத்திட்டாக அப்பினார்கள். பெட்டியில் வேகாமல் விறகடுப்பில் ஏற்றி ஏற்றிக் கரி பிடித்த டப்பா. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

ஆய்வாளர் இராமச்சந்திரன் காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, இதுலயே அரிசி, தண்ணி வைங்க. ஒரு மணிக்கு வந்து பாக்கறேன். டிரைவர் பாபு பக்கத்துலயே இருப்பான்.”

அவர் கிராம ஆபீஸ் பக்கம் நடந்தார். அடித்துக் கொளுத்தும் மே மாத வெயில். கன்னியப்பன் மெல்லப் பெட்டியை முருங்கை நிழலுக்கு நகர்த்தினான்.

“இன்னாண்ணே, வெயிலுக்கு வெக்கற பொட்டிய நெழல்ல வெக்கறீங்க?” என்று பாபு அதைத் திரும்ப வெயிலுக்கே இழுத்து வைத்தான்.

ஆளைத் தூங்க வைத்துவிடலாம் என்று செங்கமலம் சொம்பு நிறைய மோர் கொடுத்தாள். மோர் குடித்துத் தெம்பான பாபு, உபசரித்த வீட்டுக்கு நன்றியாகக் கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து, கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

ஒரு மணிக்கு மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. நாலு டப்பாவிலும் சோறு பொலபொலவென்று வெந்திருந்தது. ஆய்வாளர் ஊறுகாய் கேட்டு வாங்கி, நாலு வாய் சாப்பிட்டார்.

“பிரமாதம்! கறுப்புதான் சூட்டை இழுக்கும். உரிஞ்ச எடத்துலகூட கரி பூசி வெச்சிருக்கீங்க பாருங்க, உங்கள மாதிரி பொறுப்பா யாரும் பராமரிக்கறதில்ல.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியப்பன் வெடித்தான்.

“சார், நைட் ஷிப்டு முடிச்சி வர்றவனுக்கு இது சோறாக்குமா? மழை பேஞ்சா ஆக்குமா? தோசை ஊத்துமா? இத நம்பி கிருஷ்ணாயில நிறுத்தறது அநியாயம் இல்லியா? அந்த உத்தரவையாவது என் கண்ணுல காட்டுங்க!”

“உத்தரவெல்லாம் வேற செக்‌ஷன்” என்றார் ஆய்வாளர். “வேவுதா வேவலயான்னு பாக்கறதுதான் என் வேலை. வேவுது.”

அதையே எழுதி, அடியில் கன்னியப்பனிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பெட்டி வாங்கிய பணம் போயிற்று, லீவு போயிற்று, ஓ.டி. போயிற்று. இப்போது பத்து லிட்டரும் தன் கையெழுத்தாலேயே போயிற்று. பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட அவன் கையை வைத்தபோது, பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அவசரமாக ஓடி வந்தாள்.

“அண்ணே, அண்ணே, போட்டுறாதீங்க! வேணான்னா அத எனக்கு வித்துடுங்க.”

“இந்தக் கருமத்த நீ வாங்கி இன்னாம்மா பண்ணப் போற?”

“வேற வழி? பொட்டி வாங்காதவங்களுக்குக் கிருஷ்ணாயில் கெடையாதாமே! புது உத்தரவுன்னு ரத்தினம் மூணு மாசமா என்னைத் திருப்பி அனுப்பிக்கினு கீறாரு.”