எக்பெர்ட் தேடிய மான்

மழை நாளில் அந்தக் காரை வெளியே எடுப்பதில்லை என்று எக்பெர்ட் தன் மனைவி கெர்லிண்டேவிடம் சத்தியம் செய்திருந்தார். கார் வாங்க அவள் சம்மதித்ததே அந்த ஒரு சத்தியத்தின் பேரில்தான். ஐந்நூறு குதிரைச் சக்தி கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. அதற்கு முன்பு எக்பெர்ட் ஓட்டியதெல்லாம் முயல்கூண்டு மாதிரி ஒரு வண்டி.

அவர்கள் ஊர் இருந்த ஐஃபெல் மலைப்பகுதியில் மழை பெய்யாத நாளைப் பார்த்து வண்டி எடுப்பது லேசான காரியமா? அக்டோபர் முழுக்க அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். வானம் அவர்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து தருகிற மனிதருக்குத் தன் காரைப் பார்க்க மட்டும்தான் கொடுத்து வைத்திருந்தது.

நான்காவது ஞாயிறு காலை, கெர்லிண்டே குளிக்கப் போன நேரம். ரொட்டி வாங்கிவரப் போனவர் பழைய முயல்கூண்டு வண்டியைத் தாண்டி நடந்து, சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தூறல்தானே, தூறல் மழையில் சேராது என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். பேக்கரி வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பி மலைப்பாதையில் ஏறினார். பாதி தூரத்தில், வண்டி சறுக்காமல் காப்பாற்றும் பொத்தானையும் அணைத்தார். ஆண்பிள்ளைக்கு எதற்கு அந்தப் பொத்தான்?

பீச் என்னும் உயரமான காட்டு மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு. சாலையில் ஈர இலைகள் வழவழவென்று கிடந்தன. தூறல் அதற்குள் கொட்டும் மழையாகியிருந்தது. எக்பெர்ட் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். வண்டியின் முன்பாதி வளைவில் திரும்பியது. பின்பாதிக்கு வேறு யோசனை இருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்திருக்கக் கூடாது. வண்டி ஒரு சுற்று சுற்றியது. மரம், வானம், மலை, மறுபடி அதே மரம். ஸ்டீயரிங் கையில் இருந்தது, ஆனால் யாருடனும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. பெரிய மரம் ஒன்று ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நகர்ந்து போனதை அவர் பார்த்தார். அந்த நொடியில் கெர்லிண்டேயின் முகம்தான் மனதில் வந்தது. பிறகு வேலி முறியும் சத்தம். வண்டி பின்பக்கமாகப் புல்வெளிக்குள் போய்ச் சேற்றில் நின்றது. ஏழு பசுக்கள் கிட்டே வந்து அவரை விசாரித்தன.

உடம்பில் கீறல் இல்லை. புல்வெளிக்காரர் அல்வின் டிராக்டரைக் கொண்டுவந்து வண்டியை இழுத்தார். பின்பக்கம் நசுங்கியிருந்தது. மரம் ஒரு முழத்தில் தப்பியதைச் சொல்லி, வேலியைத் தானே சரிசெய்து தருவதாகவும் சொன்ன எக்பெர்ட், விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அல்வின் யாரிடமும் சொல்லவில்லை. தன் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் எக்பெர்ட் ஒரு மானைத் தயார் செய்தார்.

"மான் குறுக்க வந்துருச்சு கெர்லிண்டே. பெரிய மான். அது மேல மோதக் கூடாதேன்னு திருப்பினேன்."

கெர்லிண்டே முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். தேர்வு நாள் வயிற்றுவலிகள் எத்தனையோ பார்த்தவள். அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அடிபடவில்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "மான் மேல பட்டுச்சா?" என்றாள்.

படவில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பொய்க்குப் பசி அதிகம், சும்மா இருக்காது. "லேசா பட்டுச்சு. நொண்டிக்கிட்டே காட்டுக்குள்ள போச்சு, பாவம்" என்றார் எக்பெர்ட்.

"ஐயோ பாவம்" என்ற கெர்லிண்டே, அடிபட்ட மானை அப்படியே விடுவது சட்டப்படி தப்பு என்று சொல்லி, அந்தக் காட்டுக்குப் பொறுப்பான வேட்டைக்காரன் ருப்ரெக்டுக்குப் போன் செய்ய அடுத்த அறைக்குப் போனாள். அவன் அவளுடைய பழைய மாணவன். அரைமணியில் ஒரு மோப்ப நாயோடு வாசலில் நின்றான். இடம் காட்ட எக்பெர்ட் கூடப் போக வேண்டும் என்றாள் கெர்லிண்டே. மழைக்கோட்டைக்கூட அவளே மாட்டிவிட்டாள்.

தேடினார்கள். நாய் முன்னால், ருப்ரெக்ட் நடுவில், எக்பெர்ட் கடைசியில். மான் எந்தப் பக்கம் போனது என்று ருப்ரெக்ட் கேட்கும்போதெல்லாம் எக்பெர்ட் ஒரு பக்கம் கை காட்டினார். காட்டிய பக்கமெல்லாம் மேடாகவே இருந்தது. முட்புதர், ஓடை, மறுபடி முட்புதர். பூட்ஸுக்குள் தண்ணீர் குடியேறியது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்த எக்பெர்ட், இதற்கு மேல் முடியாது என்று உண்மையைச் சொன்னார்.

"தம்பி, மான் கிடையாது. நான்தான் வேகமா வந்தேன்."

ருப்ரெக்ட் பைக்குள்ளிருந்து காபி ஃபிளாஸ்கை எடுத்து நீட்டினான். "தெரியும் சார். அல்வின் வீட்டம்மா காலையிலயே டீச்சருக்குப் போன் பண்ணிட்டாங்க. நீங்களா சொல்ற வரைக்கும் நடக்க விடுன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கும் நாயை மழையில பழக்க வேண்டியிருந்துச்சு."

வீட்டில் சூடான பருப்பு சூப் காத்திருந்தது. சண்டை காத்திருக்கவில்லை, அதுதான் எக்பெர்ட்டைக் கலங்க வைத்தது. கார் சாவியை மேசைமேல் வைத்து, விற்றுவிடலாம் என்றார். கெர்லிண்டே சாவியைத் தொடாமல் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

"மரத்துக்கு ஒரு முழம்தான்னு அல்வின் பொண்டாட்டி சொன்னா. கேட்டதும் ஈரத் தலையோட வாசல்ல வந்து நின்னுட்டேன்" என்றாள். "நீ பொய் சொன்ன கடனை நடந்தே அடைச்சுட்ட. வண்டியை விக்க வேணாம். ஓட்டக் கத்துக்கலாம். ரெண்டு பேருமே."

எக்பெர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. சூப்பில் மிளகு அதிகம் என்று சமாளித்தார்.

மூன்று வாரத்தில் வண்டி சரியாகி வந்தது. ஒரு சனிக்கிழமை இருவரும் பயிற்சித் தளத்துக்குப் போனார்கள். வழுக்குத் தரை, அதன்மேல் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள். எக்பெர்ட் முதலில் ஓட்டினார். நான்கு முறை பம்பரமானார். ஐந்தாவது முறை, பயிற்சியாளர் சொன்னபடி காலைத் தளர்த்தி, போக வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து ஓட்டினார். வண்டி ஆடியது, அசைந்தது, பிறகு சொன்ன பேச்சுக் கேட்டது. அறுபது வயதில் நடை பழகிய குழந்தை மாதிரி அவர் சிரித்தார்.

அடுத்தது கெர்லிண்டே. பயப்படாதே, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று தைரியம் சொல்லி எக்பெர்ட் உட்கார்ந்தார். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். வழுக்குத் தரையில் வேகமாக நுழைந்தாள். வண்டியின் வால் ஒரு பக்கம் போனது. அவள் இரண்டு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, காது குத்திய பிள்ளையைத் தேற்றுவது போல வண்டியைத் தேற்றி நேராக்கிக் கோட்டுக்குள் நிறுத்தினாள்.

பயிற்சியாளர் ஜன்னலருகே வந்து குனிந்தார். "மேடம், முதல் தடவை ஓட்டுறவங்க இப்படி ஓட்ட மாட்டாங்களே?"

கெர்லிண்டே கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"புதன்கிழமை எனக்கு மதியத்தோட ஸ்கூல் முடிஞ்சிரும்" என்றாள். "இவர் ஆறு மணி வரைக்கும் கடையில இருப்பார். சாவி வீட்டுலதான் இருக்கும்."