முட்டுச்சுவரை உருவிய சொற்பொழிவு

மேடைப் பேச்சாளனுக்கு வாயோடு சேர்த்துக் கைகளும் கொடுக்கப்பட்டிருப்பது படைப்பில் நேர்ந்த ஒரு கவனக்குறைவு. வாயால் விளையும் சேதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். கையால் விளைந்ததைக் கூட்டித்தான் அள்ள வேண்டும்.

நான் பிளஸ் ஒன் படித்த ஆண்டு. நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கு அருகே இருந்த கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மண்டபத்தில் மாதிரிக் கட்டடக் கண்காட்சி நடந்தது. என் அக்கா ஸ்டெல்லா, ஐரோப்பியக் கிராமம் ஒன்றின் இடைக்காலப் பங்குக் கோயிலைச் செய்திருந்தாள். அனல்மின் நிலையச் சாம்பலைக் குழைத்து விரல்நுனி அளவில் கற்கள் வார்த்து, பசை துளியும் இல்லாமல், எடையை மட்டும் நம்பி அடுக்கிய கோயில். (எங்கள் குளியலறை இரண்டு மாதம் செங்கல் சூளையாக இருந்தது.)

அவளுக்கு அது விளையாட்டன்று. கட்டடக்கலை படிக்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டபோது, சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா தீர்ப்பளித்திருந்தார்.

"பரிசு வாங்கினு வா, அனுப்பறேன். இல்லன்னா இங்கயே பி.காம்."

அக்காவுக்கு ஒரே இடைஞ்சல், கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே விளக்கவுரை என்னிடம் வந்தது.

"நாலே வரிடா. பீடத்துப் பக்கத்த மொதல்ல கட்டினாங்க, அப்புறம் நடுக்கூடம், பேரன்கள் காலத்துல மணிக்கூண்டு. கல்லுக்கூரை சுவத்த வெளிய தள்ளும், முட்டுச்சுவர் அத எதிர்த்து நிக்கும். அவ்ளோதான். கைய மட்டும் ஆட்டாத."

நாலே வரி! பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் சுழற்கோப்பை வாங்கியவனுக்கு நாலு வரியா? அன்றிரவே அதைப் பட்டிமன்றமாக விரித்தேன். 'கோயிலைத் தாங்குவது கல்லா, நம்பிக்கையா?' நானே இரு அணி, நானே நடுவர்.

மறுநாள் பங்குத்தந்தையும் மற்ற இரு நடுவர்களும் காபிக் கோப்பைகளோடு எங்கள் மேசைக்கு வந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அவையோரே! தலைமுறை தலைமுறையாக எழுந்த இக்கோயிலைத் தாங்கி நிற்பது எது? கல் என்பார் கட்டடக்காரர். நம்பிக்கை என்பேன் நான்! அப்படியானால், இதோ வெளிப்புறம் நிற்கும் இந்த முட்டுச்சுவர்கள் எதற்கு? வெறும் அலங்காரம்!"

"டேய், வேணாம்டா" என்றாள் அக்கா. எதிரணியின் குறுக்கீடு என்று எண்ணிக் குரலை உயர்த்தினேன்.

"அலங்காரத்தை அகற்றினால் ஆலயம் விழுமா?" என்று முழங்கி, பயிற்சி பெற்ற கையால் ஒரு முட்டுச்சுவரை உருவினேன்.

விழுந்தது. முதலில் அந்தப் பக்கச் சுவர், பிறகு கூரை, பிறகு பேரன்கள் கட்டிய மணிக்கூண்டு. நடுவர்கள் மூவரும், கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் இடும் சாம்பல் புதனுக்கு வெகு முன்னரே சாம்பல் பூசி நின்றார்கள். மணிக்கூண்டிலிருந்த சின்ன மணி மேசையில் உருண்டு 'கிணிங்' என்றது. போட்டியில் மணி ஒலித்தால் பேச்சை முடிப்பது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"என்று கூறி, வாய்ப்பளித்த நடுவர்களுக்கு நன்றி பாராட்டி விடைபெறுகிறேன்" என்று கும்பிட்டேன்.

பங்குத்தந்தை கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒன் நம்பிக்கை காபியில வுழுந்துடுச்சுப்பா."

அப்போதுதான் அக்காவின் ஒட்டிய நாக்கு பிய்த்துக்கொண்டது. "கூரை தள்ளிக்கினே இருக்கும் ஃபாதர்! அதத் தடுத்துக்கினு இருந்ததத்தான் இந்த எருமை உருவிச்சு! பாருங்க, உருவின பக்கந்தான் மொதல்ல சாஞ்சிருக்கு!" என்று இடிபாட்டைச் சுட்டிக் கால்மணி நேரம் பொழிந்தாள். மண்டபமே கூடிவிட்டது. ஆனால் இடிந்த கட்டடத்துக்குப் பரிசளிக்க விதியில் இடமில்லையாம்.

பி.காம்தான் என்று அக்கா அழுதுகொண்டே வந்தாள். கூட்டத்தின் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருந்த அப்பா, குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இடிக்கிறதுக்கு வூட்டுல ஒருத்தன் இருக்கான். கட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா? சென்னைக்குக் கெளம்பு."

இன்றும் வீட்டில் நான் வாயைத் திறந்தால், "எல்லாரும் சுவத்தப் புடிச்சிக்குங்க, தம்பி பேசப் போறான்" என்பார் அப்பா. அக்கா வடிவமைத்த முதல் வீட்டின் புதுமனை புகுவிழாவில் வாழ்த்துரைக்க என்னையும் அழைத்தாள், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படியே பேசினேன். அந்த வீடு இன்றுவரை நிற்கிறது. (நம்பிக்கையால் என்று நான் சொல்லவில்லை.)