பெரியப்பாவின் கோபமும் என் சமூகவியலும்

ஒரு பாடத்தை முழுதாகப் படித்தவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஒன்றுமே படிக்காதவராலும் இல்லை. முதல் சில வகுப்புகளுக்கு மட்டும் போய்விட்டு வந்தவரைத்தான் கலியாண வீட்டுக்குள் விடக் கூடாது. அக்காவின் கலியாணத்துக்கு என்னை விட்டார்கள்.

பலெர்மோவில் நான் சமூகவியல் படிக்கத் தொடங்கிய வருடம் அது. (புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.) அமைப்பியல் தொழிற்பாட்டுவாதம் என்றொரு கொள்கையைச் சொல்லித் தந்தார்கள். சமூகம் ஓர் உடம்பு மாதிரி. ஈரலுக்கும் குடலுக்கும் இருப்பதைப் போல ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு தொழிற்பாடு, அதாவது ஒரு வேலை, உண்டு. வெளியில் தெரியும் வேலைக்குப் பின்னால் மறைவாக இன்னொரு வேலையும் இருக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இது என்னைப் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது.

பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் அதைத் திட்டுவார்கள். இந்த வரிசை இல்லாவிட்டால் நம்மவர்கள் எங்கே சந்தித்துக்கொள்வது என்று நான் விளக்கம் கொடுப்பேன். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நின்றும் இதையே கதைப்பேன். வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டில், அந்த எசமானியம்மாவின் தரையை நாள் முழுக்கத் துடைத்துவிட்டு வந்த அம்மா ஒருநாள் பொறுமையிழந்தார். "கோப்பை கழுவுறதுக்கு மறைவா என்ன தொழிற்பாடு இருக்கெண்டு கழுவிப் பார், தெரியும்" என்றார். கழுவினேன். ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் பெரியப்பா என் கண்ணில் பட்டார்.

பெரியப்பா, அப்பாவின் தமையன். அவர் கோபித்துக்கொண்டு போகாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. வீட்டுக்கு வந்து சொல்லாமல் போனில் சொன்னார்கள், சோடாவை வேறு ஆளுக்கு முதலில் கொடுத்தார்கள், படத்தில் ஓரமாக நிறுத்தினார்கள் என்று ஏதாவது ஒன்று வாய்த்துவிடும். விறுவிறென்று பஸ் தரிப்பிடம் வரை போவார். பஸ்ஸில் மட்டும் ஏறமாட்டார். குடும்பமே பின்னால் ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவரும். அதுவரை தங்களுக்குள் முறுகிக்கொண்டிருந்தவர்கள்கூட, அவரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் ஒற்றுமையாகிவிடுவார்கள். ஆகா, இதுவல்லவா மறைவான தொழிற்பாடு!

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது தேத்தண்ணி குடிக்க வந்த பெரியப்பாவிடமே இதைச் சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவருடைய கோபம் எங்கள் குடும்பத்துக்கு ஈரல் மாதிரி என்றேன். பெரியப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அப்ப உது எல்லாருக்கும் தெரியுமோ, தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் பெரியப்பா" என்றேன் பெருமையாக.

கலியாணம் பிரான்காச்சோவில் ஒரு மண்டபத்தில். பெரியப்பா எல்லோருக்கும் முதலே வந்துவிட்டார். அவருக்கு முன்வரிசையில் கதிரை இல்லை. பின்னால் போய் இருந்து சிரித்தார். சோடா கடைசியாகத்தான் வந்தது. நன்றி சொல்லிக் குடித்தார். சொந்தக்காரர் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் அடிக்கடி எட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியவர்கள். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். ஆகவே செம்பில் தண்ணீரோடு நான் வாசலில் நிற்கிறேன். ஆலத்தித் தட்டம் வருகிறது. அதில் வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தி ஏற்றுவதுதான் முறை. சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்த அப்பா, தான் பிடுங்கிய மண்டரின் என்னும் சின்னத் தோடம்பழங்களைப் பாதியாக வெட்டித் திரி குத்தியிருந்தார். அவ்வளவு பெருமை அவருக்கு அந்தப் பழத்தில்.

மாப்பிள்ளையின் தாய் தட்டத்தைப் பார்த்தார். "என்ரை பிள்ளைக்குத் தோடம்பழத்திலையோ ஆலத்தி?" என்று கேட்டார். அப்பா பழத்தின் அருமையைச் சொல்லப்போக, அவர் அதைத் தன் அறியாமையைக் குத்திக்காட்டுவதாக எடுக்க, ஐந்தே நிமிடத்தில் இரண்டு பக்கமும் முந்தைய ஏழெட்டுக் குறைகளையும் தோண்டி எடுத்துவிட்டன. மாப்பிள்ளையைத் திரும்பக் காரில் ஏறச் சொன்னார்கள். உள்ளறையில் அக்கா அழத் தொடங்கிவிட்டா என்று யாரோ வந்து சொன்னார்கள்.

இந்த இடத்தில் பெரியப்பா கோபித்துக்கொண்டு போயிருந்தால் எல்லோரும் அவர் பின்னால் ஓடியிருப்பார்கள். அவரோ கதிரையில் சாந்தமாக இருந்தார். நான் ஓடிப்போய் அவர் காலடியில் குந்தினேன்.

"பெரியப்பா, ஒருக்காக் கோவிச்சுக்கொண்டு போங்கோ."

"எனக்குக் கோவம் வரேல்லை, தம்பி."

அழைப்பிதழில் அவர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டதைச் சொன்னேன். பரவாயில்லை என்றார். கதிரையை இழுத்தேன். எழுந்து நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் நான் வாசலுக்குத் திரும்பி, இரு வீட்டாரையும் பார்த்து, இங்கே நடப்பது மண்டரின் பிரச்சினை அல்ல, ஒரு தொழிற்பாடு விடுபட்டதால் வந்த கோளாறு என்று உரை நிகழ்த்தத் தொடங்கினேன். ஈரல் வரை வந்தபோது அப்பா கத்தினார்.

"வாயை மூடிக்கொண்டு வெளியிலை போடா."

அத்தனை பேருக்கு முன்னால். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கொள்கையும் ஞாபகத்தில் இல்லை, அக்காகூட ஞாபகத்தில் இல்லை. பட்டு வேட்டியோடும் கையில் செம்போடும் விறுவிறென்று நடந்து பஸ் தரிப்பிடத்தில் போய்க் குந்திவிட்டேன்.

தோழன் இல்லாமல் மாப்பிள்ளை உள்ளே போக முடியாது. முகூர்த்தம் போகிறது என்று ஐயர் சத்தம் போட்டிருக்கிறார். முதலில் அப்பா வந்தார், பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், கடைசியில் தலைப்பாகையோடு மாப்பிள்ளையே வந்தார். பஸ் ஒன்று வந்து நின்று, சாரதி கதவைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனார். இரு வீட்டாரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். மாப்பிள்ளையின் தாய், அப்பா கையோடு கொண்டுவந்திருந்த வெட்டாத மண்டரின் ஒன்றை உரித்து எனக்கு ஒரு சுளை தந்து, தானும் ஒன்றைத் தின்றார். பிறகு இன்னொன்று. "இது நல்ல இனிப்பாக் கிடக்கு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் எழும்பப் போனேன். அவர்களோடு வந்திருந்த பெரியப்பா என் தோளை அமத்திப் பிடித்துக் காதுக்குள் சொன்னார்: "உடனை எழும்பாதை. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்."

தாலி ஏறியது. பெரியப்பா அன்றோடு கோபத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதெல்லாம் யார் விசேஷம் சொல்ல வந்தாலும், நான் எத்தனை மணிக்குக் கோபிப்பதாக உத்தேசம் என்று கேட்டுவிட்டுத்தான் ஐயரிடம் நேரம் பேசுகிறார்கள். போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட மறந்தே போனார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பிறந்தநாளுக்கு முதல்நாளே போன் எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தானிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"தம்பி இந்தமுறை நேரத்தோடையே தொடங்கிட்டான்."