வழி கேட்கக் கூடாத வேன்

றக்வானையைத் தாண்டிய முதல் ஏற்றத்திலேயே தொலைபேசியின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசிக் கோடும் அணைந்து போனது.

"பயப்பட வேணாம் மாமி," என்றான் அப்லால், ஸ்டியரிங்கை விடாமல். "இதுக்குத்தான் சிக்னல் இல்லாம ஓடுற ஆப் போட்டுட்டு வந்தீக்கி."

"எத்தனை?"

"மூணு."

"ஒரு வீட்டுக்குப் போறதுக்கு மூணு வழியா?" என்றார் மாமியார் லதீபா. அவர் மடியில் பெண் வீட்டுக்கான இனிப்பு, வட்டிலப்பத் தட்டு இருந்தது. பக்கத்தில் அவருடைய மகன் றினாஸ், அத்தர் மணக்க, உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குத்தான் பெண் பார்க்கப் போகிறார்கள்.

யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது லதீபாவின் கட்டளை. போன சம்பந்தத்தின்போது கலவானைச் சந்தியில் ஒரு பேக்கரியில் வழி கேட்டார்கள். அதே வாரம் பெண் வீட்டுக்குப் பெயர் போடாத ஒரு பெட்டிசக் கடிதம் போனது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் ஒரு மனைவி இருக்கிறாளாம். றினாஸ் கட்டுநாயக்க விமான நிலையத்தைக்கூடத் தாண்டியவனல்லன். சம்பந்தம் முறிந்ததுதான் மிச்சம்.

இந்த முறை தரகர் ஜஸீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பொண்ணுட வாப்பா, தோட்டத்துக் கடைக்கார சாலி ஹாஜியார், நேரம் பாக்குற மனிசன். பின்னேரத்து அஸர் பாங்குக்கு முந்திப் போயிருங்க. பிந்தினா, பலாங்கொடையால இன்னொரு மாப்பிள்ளப் பகுதி வாராங்க."

ஆகவே அப்லால் குருவிட்டையில் தன் கடையில் உட்கார்ந்தபடி ஒரு வாரம் ஆப்களைப் பரீட்சித்தான். கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தான். மூன்றும் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தன. பிறந்ததிலிருந்து அவன் நடக்கிற வழிதான் அது.

முதலில் பச்சை அம்பு ஆப். கீழ்ச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், பச்சை அம்பு வெறும் வெள்ளைத் திரையில் தனியாக நின்றது.

"பாதை எங்க மச்சான்?" என்றான் றினாஸ்.

"படத்த டவுன் வரைக்கும்தான் இறக்கீக்கி போல."

அந்த நேரம் பார்த்து, கறுப்புக் குடையோடு நின்ற ஒரு வெள்ளைச் சாரன்காரர் பாதைக்கு நடுவே வந்து கையை ஆட்டினார்.

"கண்ணாடிய ஏத்துங்க!" லதீபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நிப்பாட்டினா எங்க போறண்டு கேப்பான். எடுங்க மருமகன், எடுங்க!"

அப்லால் இடது பக்கம் ஒடித்தான். குழியில் நின்ற சேற்றுத்தண்ணீர் முழுவதும் எழும்பிக் குடைக்காரர் மேல் விழுந்தது.

"பாவம் அந்தாள், உம்மா," என்றான் றினாஸ்.

"கலியாணம் முடியட்டும், ஏழைக்கு ஒரு சதக்கா குடுப்பம்."

அடுத்தது நீல அம்பு. அது ஒற்றையடிப் பாதைகூட விடாமல் எல்லாவற்றையும் அறிந்து வைத்திருந்தது. அப்லாலுக்கு உயிர் வந்தது. தேயிலைக்குள் பாதை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் செடிகள் கதவைச் சுரண்டின. பிறகு வேனுக்கு முன்னால் கருங்கல் படிக்கட்டு எழுந்து நின்றது.

"இது என்ன மச்சான், படி?"

அப்லால் திரையை உற்றுப் பார்த்தான். மூலையில் ஒரு சின்ன மனிதன் நடந்துகொண்டிருந்தான். பள்ளிவாசலுக்கு நடந்து பார்த்தபோது வைத்த நடைவழியை அப்லால் மாற்றவே இல்லை.

பின்னுக்கு எடுத்தபோது பக்கக் கண்ணாடி ஒரு தேயிலைச் செடியில் தங்கிவிட்டது. வட்டிலப்பம் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. மேல் மலையில் கொழுந்து பறித்த ஒரு பெண் துவாயைச் சுழற்றிக் கூச்சல் போட்டபடி இறங்கி வந்தார்.

"அங்கயும் ஒராள்!" என்றார் லதீபா. "ஓடுங்க!"

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பாதை வளையும் முடக்கில் ஒரு கங்காணி விசிலடித்துக்கொண்டு வேனின் பின்பக்கத்தில் தட்டினார். அப்லால் கியரை மாற்றி மிதித்தான்.

"இந்த ஊர்ல எல்லாரும் ஏன் நம்மளயே பாத்துட்டு நிக்கிற?" என்றான் றினாஸ்.

"வேறென்னத்துக்கு? பெட்டிசம் எழுதத்தான்," என்றார் லதீபா.

மிச்சமிருந்தது சிவப்பு அம்பு. செய்மதிப் படமே உள்ளே இருந்தது.

"வானத்தில இருந்து எடுத்தது மாமி, பொய் செல்லாது. இந்தா, பெரிய தகரக் கூரை. இந்தப் பக்கத்தில இவ்வளவு பெரிய கூரை வேற யாருக்கு ஈக்கி? ஹாஜியார்ட வீடுதான். அதில பின் குத்தி வெச்சீக்கி."

சிவப்பு அம்பு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. குத்தி வைத்த இடத்துக்கே நேராகக் கொண்டுவந்து விட்டது.

அது கொழுந்து நிறுக்கும் மடுவம். தூண்களும் தராசும் இருந்தன. சுவரே இல்லை. அதற்கப்பால் பாதையும் இல்லை. திருப்ப முயன்றதில் பின் சில்லு தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது. வட்டிலப்பம் றினாஸின் புதுக் காற்சட்டைக்கு இறங்கியது.

கீழே எங்கிருந்தோ அஸர் பாங்கு கேட்டது.

லதீபா முகத்திலிருந்து முந்தானையை எடுத்தார்.

"கேளுங்க மருமகன். பெட்டிசம் வந்தா வரட்டும். வாயத் தெறந்து யார்ட்ட சரி கேளுங்க."

அப்லால் கண்ணாடியை இறக்கினான். குறுக்குப் பாதையால் ஓடிவந்த அதே துவாய்க்காரப் பெண் வேனைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தோட்டத்தில் வெள்ளையம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும், இவர்களுக்குத்தான் தெரியாது.

"அக்கா, சாலி ஹாஜியார்ட வீடு எந்தப் பக்கம்?"

வெள்ளையம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அதைக் காட்டத்தானேங்க காலையிலருந்து முடக்குக்கு முடக்கு எங்களை நிறுத்தி வச்சிருக்காரு சாலி முதலாளி, கீழ்ச் சந்தியில குடையோட நின்னு, ஒடம்பெல்லாம் சேறு வாங்கிக்கிட்டு உடுப்பு மாத்தப் போனதும் அவருதாங்க!"