வடுவைச் சுற்றி ஒரு கூட்டம்

"வடுன்னா வடுதாம்மா. அதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே?"

"இன்னொரு தரம் பாருங்க சார். செல்லெல்லாம் கோணல்மாணலா இருக்கு. ஓரத்துல நீலப் பொட்டுப் பொட்டா கூட்டம் கூடியிருக்கு. சும்மா கிடக்கிற வடுவைச் சுத்தி எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

இரண்டு பேர் ஒன்றாகப் பார்க்கும் நுண்ணோக்கி அது. ஒருபுறம் ஆய்வகத் தலைவர். மறுபுறம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன சின்ன டாக்டர். கண்ணாடித் தகட்டில், யாரோ ஒருவருடைய முதுகுத் தோலின் துணுக்கு. வடுவைப் போலவே வேஷம் கட்டும் அபூர்வமான தோல் புற்றுநோயைப் பற்றி அவள் படித்திருக்கிறாள். நேரில் சந்திப்பது இன்றுதான். கால் தரையில் நிற்கவில்லை.

"வடுன்னா முன்னாடி காயம் பட்டிருக்கணுமே சார். படிவத்துல அந்தக் கட்டம் காலியா இருக்கு."

தலைவர் பேனாவை எடுத்து, 'சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்தவர்' என்று எழுதினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சைக்கிள்ல இருந்து விழாதவன் யாரு?"

அதற்கென்றே உள்ள சாயத்தை ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். புற்றென்றால் அந்தச் செல்களெல்லாம் பழுப்பாகும், வடுவென்றால் ஆகாது.

"சாயம் தீர்ந்துபோச்சு."

"நேத்துதான் புது பாட்டில் வந்துச்சு சார்," என்றாள் தகடு தயாரிக்கும் அக்கா.

"மெஷின் ரிப்பேர்."

"காலையில இருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

தலைவர் தகட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"தகடு போனா என்ன, மெழுகுக் கட்டியில பதிச்சு வச்ச மீதித் தோல் இருக்கே," என்று அக்கா புதிதாக ஒன்று சீவத் தொடங்கினாள்.

மதியம் சின்ன டாக்டர் தலைவர் அறைக்குள் ஓடிவந்த வேகத்தில் நாற்காலி ஒன்று உருண்டது. அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

"பழுப்பு சார். அத்தனையும் பழுப்பு. நல்லவேளை, சீக்கிரமே பிடிச்சுட்டோம். இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டி எடுத்துட்டா ஆள் தப்பிச்சுக்குவார். படிவத்துல வெறும் நம்பர்தான் இருக்கு. யாருன்னு சொல்லுங்க, நானே கூப்பிட்டுப் பேசறேன்."

தலைவர் புதுத் தகட்டை நெடுநேரம் பார்த்தார். "வடுவாகூட இருக்கலாம்," என்றார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், சட்டையைக் கழட்டி அந்த முதுகுத் தையலை இவங்ககிட்டக் காட்டுங்களேன்."