சட்டைப் பையில் மூன்று சூரிய மின்கலங்கள்

எம்.எஸ்ஸி. புராஜெக்டில் எனக்கு வந்த மதிப்பெண்ணுக்கும் என் அறிவுக்கும் சம்பந்தமில்லை. இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

நானும் வகுப்புத் தோழி கவிதாவும் சாயம் ஏற்றிய சூரிய மின்கலம் செய்தோம். முறைப்படி கண்ணாடியில் வெள்ளைப் பசை பூசி, நானூற்றைம்பது டிகிரி உலையில் சுட வேண்டும். எங்கள் தீவுக் கல்லூரியில் அப்படி உலை இல்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கண்ணாடியும் தூளாகத்தான் வந்து சேர்ந்தது. ஆகவே மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் தாளில் பூசி, குறைந்த சூட்டில் செய்வதென்று முடிவெடுத்தோம். குறைந்த சூடு என்றால், சௌல்தாரியில் எங்கள் வீட்டில் இருந்த அம்மாவின் இஸ்திரிப் பெட்டி.

பசை பூசிய தாளை இஸ்திரி போட்டு, செம்பருத்திச் சாற்றில் ஊறவைத்து, மேலே இன்னொரு தாளால் மூடி, நடுவில் அயோடின் கரைசல் விட்டு, ஓரத்தை மெழுகால் அடைப்போம். (ஓரத்தை ஒட்ட நல்ல பசை வாங்கலாம் என்றாள் கவிதா. மெழுகே போதும் என்ற மேதை நான்.) அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "துணியே இல்லாம இஸ்திரி போடுறவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்பாள். அந்த மழைக்கால மதியங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது.

தேறியவை நான்கு. ஒன்று கவிதாவிடம், மூன்று என்னிடம். பத்திரமாகக் கொண்டுவர எனக்கும் ஒரு டிபன் பாக்ஸ் தந்தாள். உலகத்தின் மின்சாரப் பஞ்சத்தைத் தீர்க்கப் போகிறவன் டிபன் பாக்ஸோடா போவான்? வைவா அன்று மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா கஞ்சி போட்டுத் தகரம்போல் நிமிர்த்தி வைத்த வெள்ளைச் சட்டை.

மழை என்று பஸ்ஸில் ஜன்னலையெல்லாம் மூடியிருந்தார்கள். நல்ல கூட்டம். யாருடைய மூட்டையோ என் மார்பில் சாய்ந்தே வந்தது. நெஞ்சு ஈரமானது. வியர்வை என்று நினைத்தேன்.

டாலிகஞ்சில் கவிதா ஏறினாள்.

"அரே, நெஞ்சுல என்ன?"

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படர்ந்தது.

கண்டக்டர் பதறிப்போய், "பாய், தபியத் டீக் ஹை?" என்று என் உடம்பை விசாரித்தார்.

"தபியத் டீக்தான் பாய். மூளைதான் சரியில்ல" என்ற கவிதா, என் பக்கம் திரும்பி இரண்டே சொற்கள் சொன்னாள். "அயோடின். கஞ்சி."

மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும். எட்டாம் வகுப்புப் பாடம்.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முதலில் பார்த்ததே என் நெஞ்சைத்தான். "மை கொட்டிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். "இல்ல சார், செல் கசிஞ்சிருக்கு. குறைஞ்ச சூட்டுல பிளாஸ்டிக்ல செய்யலாம், ஆனா ஓரத்தை அடைக்கிறதுதான் கஷ்டம். அதுக்கு உதாரணம் இவன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் சட்டையைக் கிட்ட வந்து ஆராய்ந்தார். கவிதா டிபன் பாக்ஸைத் திறந்து தன் ஒற்றைச் செல்லை ஜன்னலோரம் பிடித்தாள். நல்லவேளை, மழை விட்டிருந்தது. மீட்டர் யோசித்து யோசித்து 0.4 வோல்ட் காட்டியது.

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு வருடப் படிப்பும் அந்த நொடியில் ஆவியாகிப் போனது.

"இஸ்திரி போட்டேன் சார்."

இருவரையும் பாஸ் போட்டார். பிற்பாடு கவிதாவையே கல்யாணமும் செய்துகொண்டேன். கல்யாண மண்டபத்திலேயே அவள் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். இன்றும் டாலிகஞ்ச் போய் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், மாமனார் துவைத்த வேட்டியோடு வந்து நிற்பார்.

"மாப்ள, குறைஞ்ச சூடு போதும்."