பியோர்னின்ரை சுறாவும் எங்கடை வறையும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலை. சுவிஸிலை கூர் எண்டிற ஊருக்குப் போய் ஒரு மீன் பார்சலை வாங்கிக்கொண்டு நாங்கள் இருக்கிற ஓல்டனுக்குத் திரும்பி வரவேணும். அவ்வளவுதான்.

ரயிலிலை போய் ரயிலிலை வாற வேலை. இதிலை என்ன பிழைக்கும் எண்டு நீங்கள் கேப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

முதலிலை இந்த மீன் ஆரின்ரை மீன் எண்டு சொல்லவேணும்.

ஓல்டனிலை நான் துப்பரவாக்கிற சின்ன மண்டபம் ஒண்டு இருக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை அங்கை ஒரு சபை கூடும். ஐஸ்லாந்திலையிருந்து எங்கடின் எண்டிற மலைப்பக்கம் ஹோட்டல் வேலைக்கு வந்த நாலைஞ்சு குடும்பம் சேர்ந்து முந்தித் துவங்கினது. யூனிட்டேரியன் சபை எண்டு பேர். இப்ப எல்லாரும் ஒரு நீட்டு மேசையைச் சுத்தி இருக்கலாம், அவ்வளவு பேர்தான்.

இதைத்தான் நம்பவேணும் எண்டு அங்கை சட்டம் ஒண்டும் இல்லை. கடவுள் இருக்கிறார் எண்டிறவையும் வருவினம், இல்லை எண்டிறவையும் வருவினம். கடைசியிலை ரெண்டு பகுதியும் சேர்ந்து கோப்பை கழுவுவினம். ஒரு கிண்ணத்திலை விளக்குக் கொளுத்தி, ஆராவது ஒராள் ஏதாவது கதைச்சு, பிறகு கோப்பியும் கேக்கும்.

நான் கதவு பூட்டுறதுக்காக வாசலிலை நிண்டவன். "ஏன் வெளியிலை நிக்கிறீர், உள்ளுக்கை வாருமன்" எண்டிச்சினம். நான் சைவக்காரன் எண்டன். "நல்லதாப் போச்சு, அதைப்பற்றி ஒருநாள் எங்களுக்குக் கதையும்" எண்டிச்சினம். போன வைகாசியிலையிருந்து நானும் அதிலை ஒராள்.

என்ரை மனிசி வதனிக்கு இதிலை துளியும் நம்பிக்கை இல்லை.

"கோயிலுக்கு வாங்கோ எண்டால் முழங்கால் நோகுது. கேக் எண்டால் மட்டும் முழங்கால் சுகமாப் போயிடும்" எண்டுவா.

அந்தச் சபையிலை எனக்கு இருக்கிற ஒரே கரைச்சல், ஒருத்தரும் ஏசமாட்டினம். ஒருநாள் அவையின்ரை விளக்குக் கிண்ணத்தைக் கழுவேக்கை போட்டு உடைச்சுப்போட்டன். தலைவி சிக்ரிட் வந்து பாத்தா. ஓய்வுபெற்ற டீச்சர், பொறுமையான மனிசி. "உடைஞ்சதிலையும் ஒரு வடிவு இருக்கு" எண்டா. அதோடை விட்டாவோ? அடுத்த ஞாயிறு உடையிறதைப் பற்றியே ஒரு முழுப் பிரசங்கம் வைச்சா. நான் அவவுக்கு முன்னாலை இருந்து கேட்டன். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்.

சரி, மீன்.

மாசியிலை அவைக்கு ஒரு குளிர்கால விருந்து. ஐஸ்லாந்துச் சாப்பாடுதான். அதிலை முக்கியமான சாமான் சுறா. கூரிலை இருக்கிற பியோர்ன் எண்டிற வயசான மனிசனுக்கு அக்கா ஒராள் ஐஸ்லாந்திலையிருந்து ஒவ்வொரு வருசமும் அனுப்புவா. சபையைத் துவங்கினவையிலை இப்ப மிஞ்சியிருக்கிறது பியோர்ன் மட்டும்தான்.

அந்த அக்கா போன ஐப்பசியிலை செத்துப்போனா. இடுப்பு ஒப்பரேசன் செய்து படுத்திருந்தபடியாலை பியோர்ன் சாவீட்டுக்குக்கூடப் போகேல்லை. அவ கடைசியா அனுப்பின பார்சல்தான் இந்தச் சுறா. இனி அனுப்ப அங்கை ஆளில்லை.

ஞாயிறு பியோர்னை மகள் ஹெல்கா காரிலை கூட்டிக்கொண்டு வருவா. அப்ப மீனையும் அதே காரிலை போட்டுக்கொண்டு வரலாம்தானே எண்டு கேட்டன்.

"அப்பாவை ஏத்துறன். அதை ஏத்தமாட்டன்" எண்டா ஹெல்கா.

ஏதோ குடும்பத்துக்குள்ளை பிரச்சினையாக்கும் எண்டு நினைச்சன். அதைக் கிண்டிக் கேக்கிறது மரியாதையில்லை எல்லோ. பேசாமல் நானே போய் எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். ஆர் கேட்டது என்னை?

கூரிலை பியோர்ன் ஊண்டி நடக்கிற ரெண்டு பொல்லையும் சுவரோடை சாத்திவைச்சிட்டு, பார்சலை ரெண்டு கையாலையும் தூக்கித் தந்தார். பேப்பரிலை சுத்தி, துணிப்பைக்குள்ளை வைச்சு, வாயைக் கயித்தாலை கட்டியிருந்தது.

"நேசன், இதுதான் கடைசி" எண்டார். "குளிரிலை வைச்சிரும். நாளைக்கு அக்காவின்ரை கையாலை வந்ததிலை ஒரு துண்டு வாயிலை போட்டால் எனக்குக் காணும்."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்ரை பிள்ளை மாதிரிக் கொண்டுபோறன்" எண்டு சொன்னன். அப்பிடித்தான் கொண்டும் போனன். பிள்ளைக்குக் குளிரக்கூடாது எண்ட மாதிரி, எனக்கே தெரியாமல் சூடான இடத்திலை இருத்தியிருக்கிறன்.

ரயிலிலை நல்ல சனம். யன்னல் பக்கம் ஒரு இடம் கிடைச்சுது. பையைக் காலடியிலை சுவரோடை ஒட்டி வைச்சிட்டு நித்திரையாப் போனன். கிழமை முழுக்க வேலை செய்யிறவன் சனிக்கிழமை ரயிலிலை நித்திரை கொள்ளாமல் வேறை என்ன செய்யிறது?

முழிச்சுப் பாத்தால் பெட்டியிலை நான் மட்டும்தான் இருக்கிறன். இறங்கிற இடம் வந்திட்டுதோ எண்டு பதறிப்போனன். இல்லை, ரயில் ஓடுது. கண்ணாடிக் கதவாலை பாத்தால் அடுத்த பெட்டியிலை சனம் நெருக்கியடிச்சு நிக்குது. சுவிஸ் சனம் எல்லே, வாய் திறந்து ஒண்டும் சொல்லாது. எழும்பிப் போயிடும்.

முதலிலை எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. காலை வடிவா நீட்டினன்.

பிறகுதான் மூக்கிலை அடிச்சுது. நான் யன்னல் துடைக்கிற மருந்தோடை நாள் முழுக்க நிக்கிறவன், எனக்கே கண் எரிஞ்சுது. அந்த மருந்திலை ஒரு கிழமை மீனை ஊறப்போட்ட மாதிரி ஒரு மணம்.

கொண்டக்டர் வந்தார். பாதி வழியிலை நிண்டார். அங்கையிருந்தபடியே என்ரை டிக்கெட்டைப் பாத்து, "எல்லாம் சரி, நன்றி" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போனார்.

குனிஞ்சு பையைத் தொட்டன். கொதிக்குது. சுவரடியிலை ஓடுற ஹீட்டரோடை ஒட்டித்தான் நான் பையை வைச்சிருக்கிறன்.

செத்த மனிசி கடைசியா அனுப்பின மீனை நான் பழுதாக்கிப்போட்டன். நாளைக்கு அந்த மனிசனின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

சூரிச்சிலை ரயில் மாறேக்கை சிக்ரிட்டுக்குப் போன் எடுத்தன். ஹீட்டர் கதையை விழுங்கிப்போட்டு, "மீன் கொஞ்சம் மணக்குது" எண்டன்.

"ஓம், மணம் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரித்தான்" எண்டா.

"இல்லை, பழுதாப் போயிருக்குமோ எண்டு..."

"எது பழுது, எது பழுதில்லை எண்டிறது நல்ல கேள்வி, நேசன். நாளைக்கு எல்லாரும் சேர்ந்து யோசிப்பம்."

இந்தச் சபையிலை ஒரு அவசரத்துக்கு ஒருத்தரிட்டை நேர்ப் பதில் எடுக்கேலாது. என்ரை மனம் நோகக்கூடாது எண்டு மழுப்புறா எண்டு விளங்கிக்கொண்டன். அப்ப மீன் முடிஞ்சுது.

வீட்டுக் கதவைத் திறக்க முந்தியே வதனி உள்ளுக்கையிருந்து, "என்னப்பா கொண்டந்தனீங்கள்?" எண்டா.

எல்லாத்தையும் சொன்னன். அவ மூக்கைச் சீலைத் தலைப்பாலை பொத்திக்கொண்டு பார்சலைப் பிரிச்சா. மஞ்சள் நிறத்திலை, சவர்க்காரக் கட்டி மாதிரித் துண்டுகள்.

"இதை இப்பிடியே கொண்டுபோய் வைச்சால் அந்த மனிசன் மணந்துபோட்டே விழுந்திடும்" எண்டா.

"அப்ப எறிஞ்சுபோட்டு வேறை வாங்குவமோ?"

"அக்கா அனுப்பின மீனை எறியிறதோ? உங்களுக்கென்ன விசரோ? சுறாதானே. புளி, மஞ்சள் போட்டு வடிவாக் கழுவி ஒரு வறை வறுத்தால் மணமெல்லாம் போயிடும்."

நான் அப்பவாவது கொஞ்சம் யோசிச்சிருக்கவேணும். நான் கேட்டது, "தேங்காய்ப்பூ காணுமோ?" எண்டுதான். யாழ்ப்பாணத்தான் கையிலை சுறாவைக் குடுத்தால் அது வறையாத்தான் வரும். வேறை வழி எங்களுக்குத் தெரியாது.

கழுவினம். திரும்பவும் கழுவினம். அவிக்கப்போட்டதும் குசினிக்குள்ளை நிக்கேலாமல் ரெண்டு பேரும் மாறி மாறிப் பல்கனிக்கு ஓடினம். மேல்வீட்டு மனிசி வந்து மணி அடிச்சு, எங்கடை வீட்டிலை தண்ணிக் குழாய் ஏதும் வெடிச்சிட்டுதோ எண்டு பவ்வியமாக் கேட்டா. இல்லை, சமைக்கிறம் எண்டன். அவ "நல்ல பசி எடுக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டுப் படியிலை ஏறி ஓடினா.

அவிச்சு, உதிர்த்து, பிழிஞ்சு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ எல்லாம் போட்டு வறுத்தாச்சு. பாக்க வடிவாத்தான் இருந்தது.

"உப்புப் பாருங்கோ" எண்டா வதனி.

"நீர் பாரும்."

அவ்வளவு நேரமும் மீன் பிழிஞ்சவவுக்குத் திடீரெண்டு சனிக்கிழமை விரதம் ஞாபகம் வந்தது. எனக்கும் விரதம் எண்டன். என்ரை விரதம் அந்த நிமிசம்தான் துவங்கினது.

ஞாயிறு வதனியும் வந்தா. சமைச்சவ, என்ன சொல்லுகினம் எண்டு பாக்காமல் விடமாட்டா.

மேசையிலை கறுத்தப் பாண், புகை போட்ட ஆட்டிறைச்சி, அடுக்கடுக்கா நடுவிலை பிளம்ஸ் பூசின கேக். நடுவிலை ஒரு வெள்ளைப் பீங்கான் வெறுமையா இருந்தது. சுத்திவரப் பல்லுக் குத்துற குச்சி. பியோர்ன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பீங்கானுக்கு நேரை இருந்தார்.

"குச்சி எதுக்கு?" எண்டு பக்கத்திலை இருந்த ஹெல்காவைக் கேட்டன்.

"சுறாத் துண்டைக் குத்தி எடுக்க. சின்னத் துண்டுதான் தின்னலாம். அதை மாசக்கணக்கிலை புதைச்சு, புளிக்க வைச்சு, பிறகு காத்திலை தொங்கவிட்டுக் காயவைக்கிறது. அந்த மணம்தான் அதின்ரை ருசி. மணக்காமல் இருந்தால்தான் பழுது. அதாலைதான் நான் காரிலை ஏத்தமாட்டன் எண்டது."

என்ரை மடியிலை வதனியின்ரை மூடிச்சட்டி. திரும்பி அவவைப் பாத்தன். அவ யன்னலைப் பாத்தா.

சிக்ரிட் விளக்கைக் கொளுத்தி, "நேசன், சுறாவை வையும்" எண்டா.

வைச்சன். மூடியைத் திறந்தன்.

"இது... சுவாரசியமா இருக்கு" எண்டா சிக்ரிட். ஒராள் "நல்ல நிறம்" எண்டார். இன்னொராள் இது ரெண்டு கலாசாரத்துக்கு நடுவிலை ஒரு பாலம் எண்டார். சிக்ரிட், "ஒரு நிமிசம் அமைதியா இருந்து யோசிப்பமோ?" எண்டு கேட்டா. எல்லாரும் கண்ணை மூடிச்சினம். பியோர்ன் மட்டும் மூடேல்லை. அவர் சட்டியையே பாத்துக்கொண்டிருந்தார். முகத்திலை இருந்த வெளிச்சமெல்லாம் போயிட்டுது.

எனக்குத் தாங்கேலாமல் போச்சு. ஹீட்டர், சிக்ரிட்டிட்டை மறைச்சது, புளி, தேங்காய்ப்பூ எல்லாத்தையும் அவருக்குச் சொன்னன். "அக்காவின்ரை கடைசி மீனை நான் நாசமாக்கிப்போட்டன். என்னை மன்னியுங்கோ" எண்டன்.

பியோர்ன் குச்சியைத் தள்ளி வைச்சிட்டுக் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைச்சார். மெண்டார். விழுங்கினார்.

பிறகு கரண்டியை மேசையிலை அடிச்சுப்போட்டுத் துவங்கினார். ஐஸ்லாந்துப் பாசையிலை. என்னைப் பாத்து, சட்டியைப் பாத்து, கூரையைப் பாத்து. மூச்சு விடாத ஏச்சு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் ஏச்சு எண்டு விளங்கிச்சுது, அதுக்குப் பாசை தேவையில்லை.

அந்தச் சபையிலை அப்பிடி ஒண்டு நடந்ததே இல்லை.

ஹெல்கா என்ரை கையைப் பிடிச்சா. "அது அப்பா இல்லை" எண்டு மெல்லச் சொன்னா. "அத்தை. அத்தை இதைப் பாத்தால் எப்பிடி ஏசுவாவோ, அப்பிடியே ஏசுறார். சுறாவிலை வெண்ணெய் பூசித் திண்ட ஒரு சித்தப்பாவோடை அவ கடைசிவரை கதைக்கேல்லை. அத்தை செத்ததிலையிருந்து அப்பா அவவைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இண்டைக்குத்தான்..."

பியோர்ன் ஏச்சை நடுவிலை நிப்பாட்டினார். கண்ணாலை தண்ணி ஓடிச்சுது. அதோடை சிரிச்சார். பிறகு எல்லாருக்கும் விளங்கிற பாசையிலை அக்காவின்ரை கதையைச் சொல்லத் துவங்கினார். அவவின்ரை வாய், அவவின்ரை படகு, சின்ன வயசிலை அவரைச் சுறாக் காயப்போட்ட கொட்டிலுக்குள்ளை பூட்டி வைச்சது. சனம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுது. நானும் அழுதன், எனக்கு வெக்கமாயும் இருந்தது, நெஞ்சு நிறைஞ்சும் இருந்தது.

கதைச்சு முடிய அவர் பீங்கானை நீட்டினார்.

"இது சுறாவே இல்லை, நேசன். படுமோசம். இன்னும் கொஞ்சம் போடும்."

சட்டி வழிச்சு முடிஞ்சுது. இனி ஐஸ்லாந்திலையிருந்து மீன் வராது, அடுத்த வருச விருந்துக்கு என்ன செய்யிறது எண்டு ஒராள் கேட்டார். தமிழ்க் கடையிலை சுறா வாங்கி இதே வறையை வறுக்கலாம், தான் ஏசலாம் எண்டார் பியோர்ன். சிக்ரிட் அதை முறைப்படி வாக்கெடுப்புக்கு விட்டா. வந்த விருந்தாளியளுக்கும் வாக்கு உண்டு எண்டு சொன்னா.

எல்லாரும் கை உயர்த்திச்சினம். எதிரா உயர்ந்தது வதனியின்ரை கை மட்டும்தான், அது அப்பவும் மணந்துகொண்டிருந்தது.